உச்சுக்கொட்டிக் கலையும் கூட்டம்

கேள்வி: பெருநிறுவனங்களின் பொறுப்பைப் பற்றிய படங்களை எங்கள் குடியிருப்பில் மாதந்தோறும் திரையிடுகிறோம். எல்லோரும் கலங்கிப்போய்ப் பார்க்கிறார்கள், உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். இதனால் என்ன பயன்?
- ஒரு வாசகி

பதில்: சோர்ந்துவிடாதீர்கள், சகோதரி. பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: படத்துக்கு ஒதுக்கும் அதே அளவு நேரத்தைப் பேச்சுக்கும் ஒதுக்குங்கள். நீளமான படமானால் வேறு படம் தேடுங்கள்.

ராணா பிளாசாவைப் பற்றிய படம் என்று வைத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் டாக்கா அருகே, தையல் ஆலைகள் இயங்கிய அந்த எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாடுகளைப் பார்த்து யாரும் கலங்கத்தான் செய்வார்கள். நீங்கள் பேச்சை முந்தைய நாளுக்குக் கொண்டுபோங்கள். அன்றே கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. தையல் ஆலைகளோ மறுநாள் காலை தொழிலாளர்களை வேலைக்கு வரவழைத்தன. வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதே விரிசலைப் பார்த்தவர்கள் ஏன் வேறு வேறு முடிவெடுத்தார்கள் என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாய் திறக்காதீர்கள். "சரக்கை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்திருக்கும்" என்பார் ஒருவர். "அவசரப்படுத்தியது யார்?" என்பார் இன்னொருவர். அங்கேதான் பேச்சு சூடுபிடிக்கும்.

பிறகு அவரவர் சட்டைக் கழுத்தில் உள்ள லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாட்டின் பெயர் இருக்கும், ஆலையின் பெயர் இருக்காது. ஆலையின் பெயரைக் கேட்டு, சட்டையை விற்ற நிறுவனத்துக்கு அங்கேயே கடிதம் எழுதுங்கள். வீண் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாணவர்களும் தொழிலாளர் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் விடாமல் கேட்ட பிறகுதான் நைக்கி நிறுவனம் 2005இல் தன் ஆலைப் பட்டியலை வெளியிட்டது. ராணா பிளாசா இடிந்த அடுத்த மாதமே, தொழிற்சங்கங்களோடு பல ஆடை நிறுவனங்கள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வெறும் வாக்குறுதியாக இல்லாமல், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது.

எந்த நிறுவனத்தின் நன்கொடையிலும் திரையிடாதீர்கள்; பேச வேண்டிய இடத்தில் நாக்கு தயங்கும். வீட்டில் பார்க்கக் கட்டிய சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது, உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்குங்கள். தொழிலாளியின் கூலிக்காகக் கூடுகிற நாம், படம் எடுத்தவரின் கூலியை விழுங்கலாமா?

அடுத்த மாதம் படம் தொடங்குமுன், கடிதத்துக்கு வந்த பதிலை எல்லோர் முன்னும் வாசியுங்கள். வராவிட்டால், வரவில்லை என்று நிறுவனத்தின் பெயரோடு அறிவித்துவிட்டு இரண்டாவது கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள்.