இத்தாலிய முறையில் கோழி, காய்கறி, பாஸ்தா சூப்பை விரைவாகச் செய்வது எப்படி?

அரை மணி நேரத்தில் இந்த சூப்பைச் செய்ய முடியுமா, பாஸ்தா குழையாதிருக்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

இத்தாலியர்கள் வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் நிறம் மாறாமல் நிதானமாக வதக்கும் ‘சொஃப்ரித்தோ’வில்தான் சூப்பின் சுவை பிறக்கிறது, ஆகவே அந்த 8 நிமிடங்களில் மட்டும் அவசரம் கூடாது. செலரிக்காகக் கீழக்கரை முழுக்க அலைய வேண்டாம், கொத்தமல்லித் தண்டு போதும் (மணம் சற்றே மாறும்).

பிறகு பூண்டு, 3 தக்காளி, பீன்ஸ், சிறு துண்டுகளாக்கிய எலும்பில்லாத கோழி 250 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து, 1 லிட்டர் நீர் ஊற்றி, கறி உள்வரை வேகும்படி 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். நம் கடலோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், குடிநீரையே பயன்படுத்தி, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுவது நல்லது.

பாஸ்தா இறக்கிய பின்னும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் வைத்த சூப் மதியம் கூழாகிவிடுவது இதனால்தான். எனவே 80 கிராம் மக்ரோனியைத் தனியே, நடுவில் சிறிது கடிபடும் பதத்தில் வேகவைத்து வடித்து, பரிமாறும்போது கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் சூப்பை ஊற்றுங்கள்.