வாங்குவோர் கேள்வி-பதில்: வீல் எலைன்மென்ட் எப்போது தேவை?

5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எலைன்மென்ட் கட்டாயம் என்கிறார் ரயர்க் கடைக்காரர். உண்மையா? (மானிப்பாய்)

இல்லை. எலைன்மென்ட் என்பது சில்லுகள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. மட்டமான நேர் வீதியில் கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராக ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தாலோ செய்யுங்கள். பெரிய கிடங்கில் சில்லு பலமாக அடிபட்டாலும், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை றொட் என்ட் மாற்றினாலும் செய்யத்தான் வேண்டும்.

ஏ9 வீதியில் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது. மூன்று முறை எலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை. (கொடிகாமம்)

முதலில் சில்லு பலன்சிங் பாருங்கள். சில்லின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது அது, வேறு வேலை. முதல் தடவையே நடுக்கம் நிற்காதபோது, காரணம் கேட்காமல் இன்னும் இரண்டு முறை பணம் கொடுத்தது ஏன்?

ஆல்ட்டோ காருக்கு நான்கு சில்லுகளின் கோணங்களையும் சரிசெய்ததாகப் பணம் வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் முன் ரயர்களின் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது. (சாவகச்சேரி)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. இந்த ரயர்களோடு தூரப் பயணம் போகாதீர்கள்.

இப்படிப்பட்ட சிறிய கார்களில் வழக்கமாகத் திருத்தக்கூடியது முன் சில்லுகளின் 'ரோ' மட்டுமே. அதாவது, மேலிருந்து பார்த்தால் இரு சில்லுகளும் முன்பக்கம் உள்நோக்கியா, வெளிநோக்கியா நிற்கின்றன என்ற அளவு. அது வெளிநோக்கிப் போனால் உள்விளிம்புதான் தேயும். கேம்பர் (சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் அளவு), காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) பிழைத்திருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்தோ தேய்ந்தோ இருக்கும். சில்லைத் தாங்கும் மூட்டான போல் ஜொயின்டும் ரப்பர் புஷ்ஷும் தேய்ந்து ஆடும் காருக்குக் கோணம் வைப்பது வீண். கராஜை விட்டு வெளியேறும்போதே அது மாறிவிடும். நேர்மையான தொழிலாளி முதலில் காற்றை அளப்பார், சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார், பிறகுதான் இயந்திரத்தை மாட்டுவார். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தராத இடத்தில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளாக இதையே எழுதுகிறேன். இன்னும் வெறும் 'சரி செய்தாயிற்று' என்ற சொல்லுக்கே மக்கள் பணம் கட்டுகிறார்கள்.

பற்றுச்சீட்டோடு போய்க் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டுக்கு மூன்று மாதமே அவகாசம். தாமதிக்க வேண்டாம்.

எலைன்மென்ட் அளவுகள் சரி. ஆனாலும் கார் இடப்பக்கம் சரிகிறது. (கோப்பாய்)

மழைநீர் வடிய நம் வீதிகள் ஓரத்துக்குச் சரிவாகவே இருக்கும். இடப்பக்கம் ஓடும் கார் சற்றுச் சரிவது இயல்பு. பலமாக இழுத்தால் காற்றைச் சமப்படுத்தி, முன் ரயர்கள் இரண்டையும் இடம்மாற்றிப் பாருங்கள். நான் மலிவாக வாங்கிய ஒரு சோடியில் இழுவை மறுபக்கம் போனது. பிழை ரயரில்தான். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

பாதி விலைக்கு வாங்கிய 'புது' ரயரில் நான்கு மாதத்திலேயே வெடிப்பு. (நெல்லியடி)

பாதி விலை ஏன் என்று கேட்டீர்களா? ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1217 என்றால் 2017இன் 12ஆம் வாரத் தயாரிப்பு. அதைப் பார்த்துச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.