நாலு வரியில் என்னை எப்படி அடக்குவது?

கேள்வி: என் முதல் சிறுகதையை ஒரு மாத இதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கூடவே, "உங்களைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். கதை எழுதும்போதுகூட நான் இப்படித் தவிக்கவில்லை. கடைசியில் எழுதியது இதுதான்: "இல்லத்தரசி. கணவர், இரண்டு குழந்தைகளுடன் மதுரையில் வசிக்கிறார். வாசிப்பு, கோலம், கைவேலை ஆகியவை பொழுதுபோக்கு. பல்வேறு பண்பாடுகளை அறிவதில் ஆர்வம் உள்ளவர்." படித்துவிட்டு என் கணவர், "பொண்ணு பார்க்க வர்றவங்களுக்குச் சொல்ற மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறார். பண்பாடு என்றெல்லாம் எழுதினாலும் நான் தமிழ்நாட்டைத் தாண்டியதே இல்லை. திருமலை நாயக்கர் மஹால் பக்கம் குடியிருக்கிறோம். பின்வீட்டு சௌராஷ்டிரா அம்மாவிடம் சுங்குடி முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டேன். அங்கேயே விளையாடி வளர்ந்த என் சின்ன மகள் அவர்கள் பாஷையிலேயே பேசுகிறாள். அவ்வளவுதான் என் உலக அனுபவம். இதையெல்லாம் போடலாமா? குடும்பத்தைப் பற்றி எழுதினால் எழுத்தாளர் என்று மதிப்பார்களா? என் மாமியாருக்கு வேறு வீட்டு விஷயம் பத்திரிகையில் வருவது பிடிக்காது.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் வாழ்த்துகள். அப்புறம், உங்கள் கணவர் சொன்னது சரி. கோபப்படாதீர்கள்.

அந்த நாலு வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை அப்படியே தூக்கித் திருநெல்வேலியில் இருக்கும் இன்னொரு பெண்ணின் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். கடிதத்தில் "அவ்வளவுதான்" என்று கைகழுவிவிட்டீர்களே, சுங்குடியும் சின்ன மகளின் பாஷையும், அவை வேறு யாருக்கும் பொருந்தாது. சொல்ல வேண்டியதைக் கடிதத்தின் மூலையில் வைத்துவிட்டு, சொல்லாவிட்டாலும் பரவாயில்லாததைக் குறிப்பில் வைத்திருக்கிறீர்கள்.

"கைவேலை" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன தெரியும்? ஸ்வெட்டரா, பாசிமணியா, பிளாஸ்டிக் கூடையா? நீங்கள் செய்வது துணியை மடித்து, குறித்த இடத்தில் நுனி விரலால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவது. அதே மாதிரி அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரித்தால், நூல் இறுக்கிய இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளி புள்ளியாக வெள்ளை நிற்கும். முடிச்சு தளர்ந்தால் புள்ளி கலங்கிவிடும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் இன்று கடையில் சுங்குடி என்று அடுக்கி வைத்திருப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் அச்சிலோ புள்ளி வைத்தது. கையால் முடிந்தது எது, அச்சு எது என்று உங்களால் தொட்டுப் பார்த்தே சொல்ல முடியும் இல்லையா? கதை எழுதுகிறவருக்கு அந்த விரல் பழக்கம் சின்னச் சொத்து இல்லை. அதைக் "கைவேலை" என்ற ஒற்றைச் சொல்லில் மூடி வைக்காதீர்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்கு அது பொழுதுபோக்கு. பின்வீட்டு அம்மாவுக்கு அது பிழைப்பாக இருந்திருக்கலாம். முடிச்சுக் கணக்குப் பார்த்துக் கூலி வாங்கி, வீட்டு வேலைக்கு நடுவே கண் வலிக்கக் கட்டிய பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அப்படியிருந்தால் "பொழுதுபோக்கு" என்று நீங்கள் எழுதியது அவர் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்? "பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டு சுங்குடி கட்டுகிறேன்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் உறுத்தாது, உண்மையும் அதுதான்.

அடுத்தது, நீங்கள் எங்கேயும் போகவில்லை என்ற கவலை. அழகரே மலையை விட்டு இறங்கி வண்டியூர் வரைதான் வருகிறார். அதற்குள் துலுக்க நாச்சியார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் போகிறார் என்று உங்கள் ஊரே சொல்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு பாஸ்போர்ட் இல்லையே என்று வருந்துவானேன்?

விமானம் ஏறிப் பத்து நாடு பார்த்து, பத்து நாட்டிலும் சாப்பாட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களும் தங்கள் குறிப்பில் "பல்வேறு பண்பாடுகளில் ஆர்வம்" என்றுதான் போடுகிறார்கள். அந்த வரியில் எனக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. அதைச் சொல்ல எந்தச் செலவும் இல்லை. யாரோடும் உட்கார வேண்டாம், யார் பாஷையையும் தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாக வேண்டாம். உங்கள் வீட்டில் நடந்திருப்பது வேறு. குஜராத் பக்கத்திலிருந்து கிளம்பி, நூற்றாண்டுக் கணக்கில் தெற்கே நகர்ந்து, விஜயநகரம் வழியாக வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைத்த பட்டு நெசவாளர்களின் மொழி அது. வழியில் தெலுங்கையும் கன்னடத்தையும் சேர்த்துக்கொண்டு, இங்கே தமிழையும் கலந்துகொண்டது. மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள் அந்த மொழியில் பக்திப் பாட்டு பாடியிருக்கிறார். தனி எழுத்தும் உண்டு. 2008-இல், கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடில் இடம்கூடக் கிடைத்தது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அது பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது தமிழும் இங்கிலீஷும்.

சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை தமிழ் பேசுவதில் அதிசயம் இல்லை, பேசாமல் மதுரையில் காலம் தள்ள முடியாது. தமிழ் வீட்டுப் பிள்ளை அந்த மொழியைப் பேசுவதுதான் அபூர்வம். நம்மில் எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பக்கத்திலேயே குடியிருந்தும் ஒரு வாக்கியம் பேசத் தெரியாமல் இருக்கிறோம். "அவங்க நல்லா தமிழ் பேசுவாங்க" என்று பாராட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. உங்கள் சின்னவள் திட்டம் எதுவும் போடாமல், விளையாடப் போன இடத்தில் அந்த வேலியைத் தாண்டியிருக்கிறாள். அவளைப் பார்த்து நீங்களும் நாலு வார்த்தை பழகிக்கொண்டால் என்ன? உங்கள் அடுத்த கதைக்கு அது நிச்சயம் உதவும்.

ஒரு எச்சரிக்கை. பின்வீட்டு அம்மாவைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடாதீர்கள். அவரைப் பற்றி எழுதுவதானால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். சமையலும் கல்யாணச் சடங்கும் மட்டும் எழுதினால் அவர் வேறு ஊர்க்காரர் மாதிரித் தெரிவார். மின்கட்டணம், முழங்கால் வலி, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் என்று எல்லாம் அவருக்கும் உண்டுதானே.

சரி, குடும்பத்துக்கு வருவோம். ஆண் எழுத்தாளர்களின் குறிப்பில் "மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறார்" என்ற வரி உண்டுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, இவர் எழுத்தாளரா இல்லையா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. உங்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. குடும்பத்தைப் போடலாமா கூடாதா என்பதற்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எழுத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஏதாவது நடந்திருந்தால் போடுங்கள், வெறும் தலைக்கணக்குக்காக வேண்டாம்.

சென்னையில் வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன். ஹாருத்யுன் ஷ்மவோன்யான், ஷிராஸ் நகரில் பிறந்த ஆர்மீனியப் பாதிரியார். இரண்டு மகன்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில் ஒதுங்கி, தர்வேஷ்கள் எனப்படும் பாரசீக சூஃபித் துறவிகளோடு இருந்து பாரசீகம் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து ஆர்மீனிய சமூகத்துக்குப் பாதிரியாராக இருந்தார், அச்சகம் வைத்தார். 1794-இல் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். ஆர்மீனிய மொழியில் உலகிலேயே முதலில் வந்த இதழ் அதுதான், அச்சானது நம் சென்னையில். அவரைப் பற்றி நாலு வரி எழுதுகிறவர், மகன்களை விட்டுவிட்டு எழுத முடியுமா? "குடும்பஸ்தர், பாரசீக மொழியில் ஆர்வம் உள்ளவர்" என்று எழுதினால் எவ்வளவு அநியாயம்! உங்கள் வீட்டில் அப்படித் துயரம் எதுவும் வேண்டாம். மகள் மூலமாகப் பின்வீட்டுக் கதவு திறந்ததே, அது போதும்.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் அவர் பக்கம். அவர் சம்மதிக்காமல் அவரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பிள்ளைகளின் பெயர், பள்ளி, தெருப் பெயர் இதெல்லாம் அச்சில் வரவே கூடாது. அதைவிட முக்கியமாக, அந்தச் சிறுகதையில் ஒரு மாமியார் வருகிறாரா? வந்தால் இதழ் கடைக்கு வருவதற்கு முன்பே அவருக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள். உறவுக்காரர் யாராவது போன் போட்டு, "உன்னைத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம்.

இப்போது எழுதிப் பார்ப்போம். "மதுரையில், மஹாலை ஒட்டிய பகுதியில் வசிக்கிறேன். பின்வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டு சுங்குடி கட்டுகிறேன். என் இளைய மகள் அவர்களோடு சௌராஷ்டிரா பேசுகிறாள், எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. இது அச்சாகும் என் முதல் கதை." நாலே வரி. கணவரைக் காணோம் என்று அவர் கேட்டால், சிரித்ததற்குத் தண்டனை என்று சொல்லுங்கள்.

நான் எழுதியதையே அனுப்பாதீர்கள், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசி வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள், அதனால் விட முடியாததை மேலே வையுங்கள். சன்மானம் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றால், குறிப்பு அனுப்பும் அதே கடிதத்தில் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.