மரத்தூளும் பெட்ரோல் பங்கும்

அன்புள்ள ஐயா,

மரக்கழிவைச் சூடாக்கினால் எண்ணெய் வரும், அதில் சரியான வினையூக்கியைச் சேர்த்தால் பெட்ரோலாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியென்றால் ஏன் இன்னும் பெட்ரோல் பங்குக்கு வரவில்லை? எண்ணெய் கம்பெனிகள் அமுக்கிவிட்டனவா?

ர.

அன்புள்ள ர.,

யாரும் அமுக்கவில்லை. பணத்தைக் கொட்டியே பார்த்தார்கள். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்துக் கொலம்பஸ் ஊரில் கியோர் என்ற கம்பெனி பைன் மரத்திலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுக்க ஆலை கட்டியது. மாநில அரசே 7.5 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. 2011-ல் பங்கு வெளியீடு. 2013-ல் எரிபொருள் லாரியேறவும் செய்தது. 2014 நவம்பரில் திவால். ஒரு டன் மரத்துக்கு 67 காலன் (சுமார் 250 லிட்டர்) எரிபொருள் என்று கணக்குச் சொல்லி முதலீட்டாளர்களைத் தவறாக நம்பவைத்ததற்காக 2016-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

எங்கே இடறியது என்று கேட்டால் நான் ஆக்ஸிஜனைத்தான் காட்டுவேன். காற்றில்லாமல் 500 டிகிரிக்கு, ஓரிரு நொடிகளில், மரத்தூளைச் சூடாக்கிக் குளிர்வித்தால் எடையில் அறுபது எழுபது சதவீதம் கறுப்புத் திரவமாகிவிடும். பார்வைக்குக் கச்சா எண்ணெய்தான். ஆனால் அதில் கிட்டத்தட்ட கால்வாசி தண்ணீர். ஆக்ஸிஜன் 40 சதவீதம்வரை. சாதா இரும்பை அரிக்கும் புளிப்பு. எரித்தால் உலை எண்ணெயின் பாதி வெப்பம்கூடத் தேறாது. வடித்துப் பிரிக்கலாம் என்று மறுபடி சூடேற்றினால் பாதி கரியாக இறுகிவிடும்.

ஆக்ஸிஜனை வெளியேற்ற இரண்டு வழி. ஒன்று, நூறு இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைத் தண்ணீராக்குவது. மரத்தின் கார்பன் பெரும்பாலும் தங்கும். ஆனால் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இன்னொன்று, ஜியோலைட் என்ற நுண்துளைகள் நிறைந்த அமில வினையூக்கி. ஹைட்ரஜன் வேண்டாம். ஆனால் ஆக்ஸிஜனில் ஒரு பகுதி கார்பனையும் இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்ஸைடாகவும் மோனாக்ஸைடாகவும் போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் கார்பன் வினையூக்கியின் மேலேயே கரியாகப் படிகிறது. டாங்கில் விழ வேண்டிய சரக்கு அது! கியோர் மரத்தைச் சூடாக்கும்போதே வினையூக்கியைச் சேர்த்தது. காலன் கணக்கு உதைத்ததற்கு இந்த இழப்பு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

வினையூக்கியின் ஆயுள் தனிக்கதை. சுத்திகரிப்பு ஆலைகளில் ஹைட்ரஜன் வழிக்குக் கோபால்ட்-மாலிப்டினம் சல்பைடு என்ற வினையூக்கி உண்டு. கச்சா எண்ணெயில் இருக்கும் கந்தகமே அதை உயிரோடு வைத்திருக்கும். மரத்தில் கந்தகம் இல்லாத குறையாகத்தான் இருக்கிறது. அதனால் சுத்தமான எரிபொருள் செய்யப் போன இடத்தில் கந்தகத்தை வெளியிலிருந்து ஊட்ட வேண்டிய வேடிக்கை. அந்த வினையூக்கியைச் சுமக்கும் அலுமினா சுடுதண்ணீரில் நொய்ந்துபோகும். மரச்சாம்பலின் பொட்டாசியம் ஜியோலைட்டின் அமிலத்தைக் கெடுக்கும். ஆகவே ‘புது வினையூக்கி கண்டுபிடிப்பு’ என்று செய்தி வந்தால், எத்தனை மணிநேரம் ஓடியது என்று பாருங்கள். பல சோதனைகள் சில மணிநேரத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு நம்பிக்கை தருவது ஸ்வீடன். யேவ்லே நகரத்து மர அறுப்பாலை ஒன்றின் தூளைப் பைரோசெல் என்ற கம்பெனி 2021-ல் எண்ணெயாக்கத் தொடங்கியது. அது லூசெசீல் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், அங்கே வழக்கமான பெட்ரோலியச் சரக்கோடு சிறு பங்காக உலையில் கலந்தது. அந்த உலையில் வினையூக்கி ஓயாமல் சுற்றிவரும். படிந்த கரியை ஒவ்வொரு சுற்றிலும் எரித்துவிடுவார்கள். அதனால் கரி அங்கே அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. ஒரே குறை, காணொளிக்காரர்களுக்குக் காட்ட ‘மரப் பெட்ரோல்’ என்று தனிப் பாட்டில் எதுவும் அங்கே கிடைக்காது.