தாத்தாவின் ஜாவா எந்த வருஷத்து வண்டி? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வருஷத்தை நம்பலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தாத்தா ஓட்டிய ஜாவா 250 கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1974 என்று இருக்கிறது. டேங்கில் ஜாவா என்று பேர் இருக்கிறது. ஒரு மெக்கானிக் "அறுபத்தெட்டு மாடல்" என்கிறார், இன்னொருவர் "இது யெஸ்டி, டேங்க் மாத்தியிருக்காங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. அப்பா இங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வேலந்தாவளம் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் தமிழ்நாட்டு வண்டிகள் இந்தப் பக்கம் விலைக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்க வருகிறவர் மலையாளத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் முதல் கேள்வி "இது எந்தக் கொல்லம்?" என்பதுதான். கொல்லம் என்றால் எங்கள் பக்கம் வருஷம். அப்பா உடனே பதில் சொல்லமாட்டார். சாக்கு விரித்து உட்கார்ந்து, வண்டியின் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பழைய வண்டிக்கு மூன்று தேதிகள் உண்டு: ஃபேக்டரியில் செய்த தேதி, முதன்முதலில் பதிவான தேதி, மாநிலம் மாறி மறுபதிவான தேதி. ஊரில் "மாடல்" என்று சொல்லும்போது இந்த மூன்றில் எதையாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் இரண்டு மெக்கானிக்குகளும் சண்டை போடுவதற்குக் காரணமும் அநேகமாக இதுதான்.

உங்கள் வண்டியில் 1974 என்பது ஏன் இடிக்கிறது என்று சொல்கிறேன். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-ல் வண்டி செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இங்கே ஓடிய ஜாவாக்கள் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து இறக்குமதியானவை. 1970-களின் தொடக்கத்தில் ஜாவா என்ற பெயர் போய், அதே ஃபேக்டரியின் வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வர ஆரம்பித்தன. 1996-ல் ஃபேக்டரியே மூடப்பட்டது. ஆகவே 1974 என்று புத்தகமும் ஜாவா என்று டேங்கும் சொன்னால் மூன்று வழிதான் இருக்கிறது. பெயர் மாறுவதற்கு முன் செய்து, தாமதமாகப் பதிவான வண்டியாக இருக்கலாம். 1974 என்பது மறுபதிவு வருஷமாக இருக்கலாம். இல்லையென்றால் யெஸ்டிக்கு ஜாவா டேங்கைப் போட்டிருக்கலாம். மூன்றாவது நடக்காத காரியம் இல்லை. இன்றைக்கு ஜாவா என்ற பேருக்குத் தனி விலை, அந்தக் காலத்து வண்டிகள் இரண்டுக்கும் உருவ ஒற்றுமையும் அதிகம்.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கே.எல்.பி. என்று ஆரம்பித்தால் அது பாலக்காட்டின் பழைய வரிசை. கே.எல். 9 என்றால் 1989 ஜூலைக்குப் பிறகு வந்த புது முறையில் கொடுத்த நம்பர். அறுபதுகளின் வண்டிக்குக் கே.எல். 9 நம்பர் இருந்தால், அது எங்கிருந்தோ வந்து இங்கே மறுபதிவானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐம்பதுகளின் தொடக்கத்து வண்டி என்றால் இன்னும் சிக்கல். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கேரளம் என்ற மாநிலமே இல்லை. பாலக்காடு மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, எங்கள் சித்தூர் அதற்கும் முன்பு கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. பழைய பிளேட் கிடைத்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது இரும்பு. இதில் அவசரப்படக் கூடாது. சேசிஸ் நம்பர், அதாவது வண்டிச் சட்டத்தின் நம்பர், பெரும்பாலும் ஹேண்டில் பார் திரும்பும் கோன் செட் உட்காரும் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும், எஞ்சின் நம்பர் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில். ஐம்பது வருஷத்துப் பெயிண்டும் கிரீஸும் அதன்மேல் ஏறியிருக்கும். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் வேண்டாம். பழைய பனியன் துணியில் தின்னரை நனைத்து அதன்மேல் பத்து நிமிஷம் ஒட்டி வையுங்கள், பிறகு மெதுவாகத் துடையுங்கள். எங்கள் வீட்டு ஜாவாவில் மேலே கறுப்பு, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழேதான் அந்த அரக்குச் சிவப்பு வந்தது. எழுத்துகள் தெரிய ஆரம்பித்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூடத் தாளில் வந்துவிடும்.

எங்கள் வண்டியில் அந்தத் தாள்தான் காப்பாற்றியது. அப்பா அதைத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வாங்கி இங்கே மறுபதிவு செய்தார். புதுப் புத்தகத்தில் சேசிஸ் நம்பரின் கடைசிக்கு முந்தைய எண் 8-க்குப் பதில் 3 என்று ஏறிவிட்டது. அதோடு தயாரிப்பு வருஷம் என்ற கட்டத்திலும் மறுபதிவு வருஷத்தையே எழுதிவிட்டார்கள். பல வருஷம் கழித்து என் பேருக்கு மாற்றப் போனபோதுதான் "வண்டியில் இருக்கிற நம்பரும் புத்தக நம்பரும் வேறு" என்று நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து பென்சில் போட்டுத் தேய்த்தோம். 3-ன் இடது பக்கத்து இரண்டு வளைவும் துரு அரித்துப்போய் மங்கலாக, ஆனால் தெளிவாக மூடி நின்றது. அது 8-தான். அப்பா தகரப் பெட்டியில் பழைய கையெழுத்து ஆர்.சி.யை வைத்திருந்தார், அதிலும் 8. அந்தப் புத்தகமும் பிரிண்ட் எடுத்த தாளும் இருந்ததால் திருத்த முடிந்தது, நாலு மாசம் ஆனது. முதல் பதிவு 1966 என்று அந்தப் பழைய புத்தகத்தில் பார்த்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். இத்தனை வருஷமாக அதை எழுபத்தெட்டு மாடல் என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது எழுத்துகளின் வரிசையையும் பாருங்கள். ஃபேக்டரி அச்சு என்றால் ஆழமும் எழுத்தின் உருவமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு எண் மட்டும் சாய்ந்தோ ஆழமாகவோ இருந்தால், சுற்றியுள்ள இரும்பு தேய்ந்து பளபளத்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பிறகு பாகங்கள். எஞ்சின் மூடியில் வார்த்திருக்கும் பெயர், கார்புரேட்டர் பழைய ஜிக்கோவ் பிராண்டா, பின்னால் வந்த மிக்கார்ப் பிராண்டா, ஸ்பீடோமீட்டரில் மைலா கிலோமீட்டரா, இவையெல்லாம் சாட்சிகள். ஆனால் கழற்றி மாட்டக்கூடிய எந்தச் சாட்சியையும் தனியாக நம்பக் கூடாது. மிக்கார்ப் இருப்பதால் வண்டி புதிது என்று ஆகாது, கார்புரேட்டர் புதிது, அவ்வளவுதான். மைல் கணக்கு ஸ்பீடோமீட்டர் ஒரிஜினல் என்று தெரிந்தால் அது நல்ல அடையாளம், மெட்ரிக் முறை இங்கே ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும்தான் படிப்படியாக வந்தது.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வரி. பழைய இங்கிலாந்து வண்டிகளில் லூகாஸ் கம்பெனியின் மின்சாரப் பாகங்களின் மேல் மாசமும் வருஷமும் அச்சடித்திருக்கும், அது பெரிய உதவி. 1980-களின் புல்லட் டேங்கில் "என்ஃபீல்டு" என்றுதான் இருக்கவேண்டும். எய்ஷர் குழுமம் 1994-ல் புல்லட் கம்பெனியை எடுத்த பிறகுதான் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் திரும்பியது, ஆகவே அந்தக் காலத்து வண்டியில் "ராயல்" இருந்தால் பேட்ஜ் பின்னால் ஒட்டியது. யமஹா ஆர்.எக்ஸ். 100 இங்கே 1985 முதல் 1996 வரை வந்தது.

வருஷம் எதற்கு முக்கியம் என்றால், 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, உருவம் மாறாத இருசக்கர வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற தனி வரிசை நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கவனியுங்கள், அங்கே கணக்கு முதல் பதிவுத் தேதிதான், செய்த தேதி இல்லை. ஆகவே உங்கள் 1974 முதல் பதிவாகவே இருந்தாலும் வயது வந்துவிட்டது. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது. தாத்தா வண்டியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மீனாட்சிபுரம் வரை டீ குடிக்கப் போகவேண்டும் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே மேல்.

என் கணிப்பு: சேசிஸ், எஞ்சின் இரண்டும் புத்தகத்தோடு பொருந்தி, எஞ்சின் மூடியிலும் ஜாவா என்றே இருந்தால், அது பெயர் மாறுவதற்கு முன் செய்த வண்டி. யாராவது கேட்டால் "எழுபதுகளின் தொடக்கத்துக்குள் செய்தது, 1974 பதிவு" என்று சொல்லுங்கள். பழைய ஆர்.சி.யைத் தாத்தாவின் பெட்டியில் தேடுங்கள், நிலப் பத்திரங்களோடு இருக்கலாம். பெயிண்ட் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் பென்சில் பிரிண்ட் இரண்டு எடுத்து, ஒன்றை ஆர்.சி.க்குள் மடித்து வையுங்கள். பெயிண்டரிடம் கழுத்துப் பகுதியில் பட்டி போடவேண்டாம் என்று நேரில் நின்று சொல்லுங்கள்.