யானைமலைக்குச் சான்று எங்கே? – விக்கிப்பீடியா குறித்து வாசகர் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது, திருத்துவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, அங்கே தொடர்ந்து பங்களித்துவரும் தன்னார்வலர்கள் பதிலளிக்கிறார்கள்.

யானைமலை பற்றி நான்கு வரி சேர்த்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்றைக்கூடக் காணோம். யார் அழித்தது, எங்கே போய்க் கேட்பது?
*– வாசகர், ஒத்தக்கடை*

எதுவும் அழியவில்லை. கட்டுரையின் மேலே இருக்கும் 'வரலாறு' இணைப்பைத் தட்டுங்கள். அந்தப் பக்கம் பிறந்த நாளிலிருந்து யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்பது வரிசையாக இருக்கும். உங்கள் நான்கு வரியும் அங்கே பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேலே, அதை நீக்கியவரின் பெயரும் ஒரு சிறு காரணமும் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் 'சான்று இல்லை' என்பதுதான்.

நீங்கள் எங்களுக்கு அனுப்பிய வரிகளையே எடுத்துக்கொள்வோம்: 'உலகப் புகழ்பெற்ற யானைமலை மதுரையின் பெருமைமிகு அடையாளம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாண்டிய மன்னர்கள் இங்கே கண்ணைக் கவரும் குடைவரைக் கோயிலை அமைத்தனர்.' இதில் 'உலகப் புகழ்பெற்ற', 'பெருமைமிகு', 'கண்ணைக் கவரும்' மூன்றும் உங்கள் கருத்து. அவற்றை யாரும் சரிபார்க்க முடியாது. 'பல்லாயிரம் ஆண்டு' தவறு. கோயிலைக் குடைவித்தது மன்னரும் இல்லை.

இதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: 'யானைமலை அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதைக் குடைவித்தார். பணி முடியும் முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து நிறைவுசெய்தார். கல்வெட்டு கலியுக ஆண்டு 3871-ஐக் குறிப்பிடுகிறது, இது கி.பி. 770.' இதன் கடைசியில், கல்வெட்டுப் பாடம் அச்சாகியிருக்கும் 'எபிகிராபியா இண்டிகா' 8-ஆம் தொகுதியைப் பக்க எண்ணோடு மேற்கோளாகச் சேருங்கள். பெருமை குறைந்துவிட்டதா? அமைச்சரின் பெயர், தம்பியின் பெயர், ஆண்டு என்று கூடித்தான் இருக்கிறது. இந்த வரியை நீக்க யாருக்கும் காரணம் கிடைக்காது.

நீக்கியவர் செய்தது தவறு என்று தோன்றினால் அதே வரியைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கட்டுரையோடு ஒட்டிய பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தானே விழும். பதில் வரச் சில நாள் ஆகலாம். அவரும் வேலை முடிந்து வந்து பார்ப்பவர்தான். அப்படியும் பதில் இல்லையென்றால் 'ஆலமரத்தடி' என்ற பொது உரையாடல் பக்கம் இருக்கிறது.

எங்கள் ஊர் மேலூர் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அதற்குக் கட்டுரை இல்லை. எப்படித் தொடங்குவது?
*– பட்டதாரி வாசகி, மேலூர் வட்டம்*

முதலில் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்தும் பிரித்தும், 'ப்' போட்டும் போடாமலும் தேடுங்கள். 'பட்டி' என்று முடியும் ஊர்களில் இது அவசியம். ஒரே ஊருக்கு இரண்டு கட்டுரை இருந்து, பிறகு அவற்றை இணைக்க ஒருவர் உட்கார்ந்து பாடுபடுவது அடிக்கடி நடக்கிறது. புதுப்பட்டி மாதிரிப் பெயர்கள் தமிழ்நாடு முழுக்க இருப்பதால், வேறு மாவட்டத்து ஊரின் கட்டுரையில் உங்கள் ஊர்ச் செய்தியைச் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீட்டெண் கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

கணக்கு தொடங்கி, உங்கள் பயனர் பக்கத்துக்குக் கீழே 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே ஊர் எந்த ஊராட்சி ஒன்றியம், எந்த வட்டம், எந்த மாவட்டம் என்று வந்துவிட வேண்டும். அடுத்து மக்கள்தொகை. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வருவாய் கிராமம், ஊராட்சி, குக்கிராமம் மூன்றும் வேறு வேறு. கணக்கெடுப்புக் கையேட்டில் இருக்கும் எண்ணிக்கை வருவாய் கிராமத்துக்கு உரியது. அதில் நான்கைந்து குக்கிராமங்கள் அடங்கியிருக்கலாம். உங்கள் தெரு இருக்கும் குக்கிராமத்துக்கு அந்த எண்ணைத் தூக்கிப் போட்டால் தவறாகிவிடும். எந்த எல்லைக்கு உரிய எண் என்பதை வாக்கியத்திலேயே சொல்லுங்கள், ஆண்டையும் சொல்லுங்கள்.

கண்மாய், பாசனம், கோயில், பள்ளி ஆகியவற்றுக்கு அச்சிலோ அரசு ஆவணத்திலோ சான்று கிடைத்தால் எழுதலாம். பேருந்து நேரம், கடைக்காரர்களின் அலைபேசி எண், ஊர்ப் பெரியவர்கள் பட்டியல் இவையெல்லாம் வேண்டாம். நீளம் பற்றிக் கவலைப்படாதீர்கள். சான்றோடு ஆறு வாக்கியம் இருந்தால் நல்ல குறுங்கட்டுரை.

உள்ளிணைப்புக்கு இரட்டைச் சதுர அடைப்பு. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். [[மதுரை]]யில் என்று எழுதினால் போதும். ஆனால் 'குளம்' என்பது 'குளத்தில்' என்று மாறும் இடத்தில் [[வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்|தெப்பக்குளத்தில்]] என்று நடுவில் கோடு போட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் இல்லாத கட்டுரைக்குச் சிவப்பு இணைப்பு விழும். கடைசியாக, 'மதுரை மாவட்டத்திலுள்ள ஊர்கள்' போன்ற பொருத்தமான பகுப்பில் சேர்த்து, ஒன்றியக் கட்டுரையிலிருந்து உங்கள் கட்டுரைக்கு ஓர் இணைப்பும் கொடுங்கள். எங்கிருந்தும் இணைப்பு வராத கட்டுரையை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், திருத்தவும் மாட்டார்கள்.

நாளிதழில் வந்த செய்தியை அப்படியே போட்டு, கீழே நாளிதழ் பெயரையும் கொடுத்தேன். 'பதிப்புரிமை மீறல்' என்று நீக்கிவிட்டார்கள். பெயர் கொடுத்தாலும் தவறா?
*– வாசகர், திருமங்கலம்*

தவறுதான். விக்கிப்பீடியாவில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம். அந்த உரிமையைக் கொடுக்கும் அதிகாரம் அந்தச் செய்தியைப் பொறுத்தவரை உங்களிடம் இல்லை, நாளிதழிடம் இருக்கிறது. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. செய்தியைப் படித்து மூடி வைத்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள். பிறகு திறந்து, பெயர்களையும் எண்களையும் மட்டும் சரிபாருங்கள். வாக்கியங்களில் இரண்டு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவதும் மீறல்தான். எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கழிந்த நூல்களுக்கு இந்தியாவில் இந்தத் தடை இல்லை.

மதுரை மக்கள்தொகை 10 லட்சம் என்று ஒருவர் எழுதுகிறார், 14 லட்சம் என்று இன்னொருவர் மாற்றுகிறார். தினமும் நடக்கிறது. யார் சொல்வது சரி?
*– கல்லூரி மாணவர், பசுமலை*

இருவரும் சரி. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியின் எண்ணிக்கை 10,17,865. சுற்றுப் பகுதிகளையும் சேர்த்த நகர்த்திரள் 14.6 லட்சத்துக்கு மேல். மாவட்டம் முழுவதும் என்றால் 30,38,252. எல்லை எது என்று எழுதாததால்தான் இந்தச் சண்டை. மூன்றையும் தனித்தனி வாக்கியமாக, தனித்தனி மேற்கோளோடு எழுதினால் அன்றோடு முடிந்துவிடும்.

இப்படி ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றிக்கொண்டே இருப்பதைத் தொகுப்புப் போர் என்போம். பல இப்படிப்பட்டவைதான்: இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த யானைமலையை 'ஆனைமலை' என்றும் சொல்வதுண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆனைமலைத் தொடரோ வேறு. ஒன்றைப் பற்றிய செய்தி மற்றொன்றில் புகுந்தால் திருத்தவும் மீளமைக்கவுமே (பழைய வடிவத்துக்குத் திருப்பவுமே) காலம் போகும். இரண்டின் தொடக்கத்திலும் 'இது அதுவன்று' என்று ஒரு வழிகாட்டும் வரி போட்டால் தீர்ந்தது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரலாம். நீங்கள் சரியாக இருந்தாலும்கூட இரண்டாவது மீளமைப்புக்கு முன் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுவது நல்லது.

மன்னர்கள், பாளையக்காரர்கள் கட்டுரைகளில் 'இவர் எங்கள் சமூகம்' என்று ஆளாளுக்கு மாற்றுகிறார்களே, இதை யாரும் கண்டுகொள்வதில்லையா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி*

கண்டுகொள்கிறார்கள். 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் வரும் ஒவ்வொரு தொகுப்பையும் சிலர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மீறிப்போனால் நிர்வாகிகள் பக்கத்தைப் பூட்டுவார்கள். பிறகு புதிய கணக்குகளாலும் கணக்கில்லாதவர்களாலும் சில நாளோ சில மாதமோ அதைத் தொடமுடியாது. ஆனால் எது சரி என்று தீர்ப்பதற்காகப் பூட்டுவதில்லை. கைகலப்பை நிறுத்துவதற்குத்தான் பூட்டு. அதனால் சில நேரம் தவறான வடிவத்திலேயே பக்கம் பூட்டப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள்.

இதில் உங்களைப் போன்றவர்களின் உதவி மிகவும் தேவை. சாதிச் சங்க மலர், விழா மலர், முகநூல் பதிவு இவை சான்றாகா. கல்வெட்டுத் தொகுதி, பல்கலைக்கழக ஆய்வேடு, வரலாற்றாய்வாளரின் நூல் இருந்தால் அதன் பக்க எண்ணைப் பேச்சுப் பக்கத்தில் கொடுங்கள். ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தால் 'இன்னார் இப்படி, இன்னார் அப்படி' என்று இரண்டையும் எழுத வேண்டும். நாமே நடுவராகி ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வகுப்பில் 40 மாணவர்களை ஒரே நாளில் எழுத வைக்கலாம் என்றிருக்கிறேன். கணினி ஆய்வகம் இருக்கிறது. போதுமா?
*– பேராசிரியை, மதுரை*

போதாது. ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகளுக்கு மேல் திறக்க முடியாது. ஏழாவது மாணவருக்கே தடை வந்து, அரைநாள் வீணாகும். முதல் நாளே வீட்டிலிருந்து, அவரவர் அலைபேசி இணைப்பில் கணக்கு தொடங்கி வரச் சொல்லுங்கள். அல்லது சில வாரம் முன்னதாக ஆலமரத்தடியில் தெரிவித்தால் அந்த இணைப்புக்கு வரம்பைத் தளர்த்த ஏற்பாடு செய்யலாம்.

முதல் நாளில் புதுக் கட்டுரை வேண்டாம். ஆளுக்கொரு ஏற்கெனவே உள்ள கட்டுரை. அதில் சான்றில்லாத ஒரு வாக்கியத்துக்குச் சான்று தேடிச் சேர்ப்பது. இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் பின்னால் சேமிப்பவருக்குத் தொகுத்தல் முரண்பாடு என்று செய்தி வரும். எழுதியது போய்விட்டதாக மாணவர்கள் பதறுவார்கள். அது கீழேயே இருக்கும். படியெடுத்து மறுபடி ஒட்டலாம். மதிப்பெண்ணை எழுத்து எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். அப்படிச் செய்தால் இயந்திர மொழிபெயர்ப்பு வந்து குவியும். வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு அதைத் துப்புரவு செய்வது வேறொருவர் தலையில் விழும்.

கணினியில் கண்ட்ரோல் விசையோடு 'எம்' விசையை அழுத்தினால் விக்கிப்பீடியாவின் சொந்தத் தட்டச்சுக் கருவி வரும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் அதில் உண்டு. அச்சகத்தில் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பை நேராக ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரை எழுதச் சொல்லிப் போடலாமா?
*– வாசகர், வாடிப்பட்டி*

வேண்டாம். நடை ஓடும், ஆனால் அது கொடுக்கும் மேற்கோள்களில் சில, உலகத்தில் இல்லாத புத்தகங்களாக இருக்கலாம். இருக்கும் புத்தகமாக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி இல்லாமல் போகலாம். நீங்கள் கண்ணால் பார்க்காத பக்கத்தை மேற்கோளாகக் கொடுக்கவே கூடாது.

படங்கள் சேர்க்க என்ன விதி? மீனாட்சியம்மன் கோயில் படம் போடலாமா?
*– புகைப்படக் கலைஞர், சிம்மக்கல்*

உங்கள் கேமராவில் நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும். 'பொதுவகம்' என்ற தளத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றினால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களிலும் பயன்படும். வாட்ஸ்அப்பில் வந்து போன படத்தை ஏற்றாதீர்கள். தரம் குறைந்திருக்கும்; கேமரா விவரமும் நீங்கியிருக்கும்; உங்கள் படமாகவே இருந்தாலும் திருட்டுப் படம் என்று சந்தேகம் வரும். முழு அளவு மூலக் கோப்பையே ஏற்றுங்கள்.

கோயிலுக்குள் அலைபேசி கொண்டுபோக முடியாது. சித்திரை வீதிகளில் நின்று கோபுரங்களை எடுக்கலாம். இந்தியச் சட்டப்படி கட்டடத்தையும் பொது இடத்தில் நிலையாக வைத்த சிலையையும் படமெடுத்து வெளியிடத் தடையில்லை. தெருவில் ஒட்டிய திரைப்படச் சுவரொட்டி, இன்று வரைந்த சுவரோவியம் இவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதற்கெல்லாம் சம்பளம் யார் தருகிறார்கள்?
*– வாசகர், சோழவந்தான்*

எழுதுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது, நிர்வாகிகளுக்கும் கிடையாது. வழங்கிகளை (சர்வர்களை) நடத்துவது அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய விக்கிமீடியா அறக்கட்டளை, நன்கொடைப் பணத்தில். விளம்பரம் இல்லை.

என் தாத்தா பெயர்பெற்ற கூத்துக் கலைஞர். சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவர் பெயரில் தொடங்கிய கட்டுரையை 'குறிப்பிடத்தக்கமை இல்லை' என்று நீக்கிவிட்டார்கள். மனம் நொந்துபோனது.
*– வாசகி, அலங்காநல்லூர்*

உங்கள் தாத்தாவின் கலையை யாரும் எடைபோட்டு நீக்கவில்லை. அவரைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாத வேறு யாராவது விரிவாக எழுதி அச்சில் வந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அது இல்லாமல் அவர் பிறந்த ஆண்டைக்கூட ஒருவரால் சரிபார்க்க முடியாது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இந்த விதி கடுமையாகத்தான் விழுகிறது. அச்சில் ஏறாத திறமை நம் பக்கத்தில் ஏராளம்.

செய்யக்கூடியவை சில உண்டு. மாவட்டக் கலை மன்ற விருது, வானொலி நிகழ்ச்சி, பழைய இதழ்ச் செய்தி எதுவும் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். தேதியோடு இருக்கும் தாள் நறுக்கு ஒன்று கிடைத்தாலும் பயன்படும். நாட்டுப்புறவியல் துறை மாணவர்களின் ஆய்வேடுகளில் கலைஞர் பேட்டிகள் பின்னிணைப்பாக இருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அவருடைய படமும், உங்கள் குடும்பத்தினர் பதிவுசெய்த கூத்தின் ஒலியும் இருந்தால், பாடல் மரபுவழி வந்ததாக இருக்கும் பட்சத்தில் பொதுவகத்தில் ஏற்றலாம். அந்தக் கூத்து வகைக்கு உரிய கட்டுரையில் அவை இடம்பெற முடியும். நெருங்கிய உறவினர் என்பதால் வாக்கியங்களை நீங்களே சேர்க்காமல், கிடைத்த சான்றுகளைப் பேச்சுப் பக்கத்தில் வைத்து வேறொருவரை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.