பின்னி மில் வேலைநிறுத்தத்துக்கு மார்க்ஸ் மட்டும் போதுமா?

1921 பெரம்பூர் பின்னி மில் வேலைநிறுத்தத்தை மார்க்ஸின் வர்க்க மோதல் கோட்பாட்டை வைத்து ஆய்வுக் கட்டுரையாக எழுத ஆரம்பித்து, புளியந்தோப்புக் கலவரத்தில் சிக்கிக்கொண்டேன் என்கிறீர்கள். சிக்கினது நல்லதுதான். கட்டுரையே அங்கேதான் இருக்கிறது.

முதலாளி எதிர் தொழிலாளி என்பது 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதைக்குச் சரி. 1921-இல் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, மோதல் தொழிலாளர்களுக்குள்ளேயே வெடித்தது; அதுதான் புளியந்தோப்புக் கலவரம். இங்கே சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைக் கொண்டுவாருங்கள்: வர்க்கம் வேறு, சமூக மதிப்பு வேறு. ஒரே மில் சங்குக்கு எழுந்தவர்கள் ஒரே தெருவில் குடியிருக்கவில்லை.

ஒரே கோட்பாடுதான் எடுக்க வேண்டும் என்று ஆய்வு வழிகாட்டி அடம்பிடித்தால், சமூக மோதல் பற்றிச் சமூகவியலாளர் லூயிஸ் கோசர் 1956-இல் எழுதிய நூலை எடுங்கள். வெளிப்பகை வந்தால் குழு இறுகும் என்று அவர் சொன்னதை மட்டும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே ஏற்கெனவே அடிப்படை ஒத்திசைவு இல்லையென்றால், அதே பகை குழுவைப் பிளந்துவிடும். (என் படிப்புக் காலத்தில் இந்த வரியைத் தாண்டிப் போய் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான்.)

அப்புறம், வேலைக்குப் போனவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். சங்கத்தில் அவர்கள் குரல் எவ்வளவு எடுபட்டது என்று கேளுங்கள். அன்று சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜாவின் தரப்பையும் படித்துவிட்டு எழுதுங்கள்.